நாற்பது நாற்காலி போதும், தொடங்குங்கள்!

"நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் யாருங்க வருவா?"

இந்த ஒரு கேள்வி தமிழ்நாட்டில் கொன்றுபோட்ட நல்ல காரியங்களுக்குக் கணக்கே இல்லை. திரைப்படச் சங்கம் நடத்தலாம் என்றவளை, தெருவுக்கொரு படிப்பகம் என்றவனை, மாதம் ஒரு நாட்டுப்புறக் கச்சேரி வைப்போமே என்று டீக்கடை பெஞ்சில் ஆசையாய் வாய் திறந்தவனை, அத்தனை பேரையும் இந்தக் கேள்விதான் வாயடைத்து வீட்டுக்கு அனுப்பியது. கேட்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். ஒரு நாளும் ஒரு நிகழ்ச்சியும் நடத்தியிருக்க மாட்டார். நடத்திப் பழகியவர் இப்படிக் கேட்பதில்லை. "எத்தனை மணிக்கு? நாற்காலி எடுத்துப்போட ஆள் வேணுமா?" என்றுதான் கேட்பார்.

யார் வருவார் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. முதல் மாதம் பன்னிரண்டு பேர் வரலாம். அதில் நாலு பேர் உங்கள் வீட்டு ஆட்கள். சரி, வரட்டும்! பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு வில்லுப்பாட்டு நடந்தால் வில் முறிந்துவிடுமா? உடுக்கை ஊமையாகிவிடுமா? கூட்டம் சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டேதான் இருப்பான். தொடங்கியவனைத் தேடித்தான் கூட்டம் வரும்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கதை என்றேனே தவிர, அத்தனையும் நடந்தது.

1960 மே மாதம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வடக்கே சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர். குதிரைப் பந்தயத்துக்கும் ஊற்றுநீருக்கும் பேர்போனது. கோடையில் வெளியூர்க் கூட்டம் நெரியும்; குளிர்காலத்தில் ஊர் அடங்கிவிடும். அங்கே ஃபைலா தெரு 47ஆம் எண் கட்டடத்தின் மாடியில் பில் ஸ்பென்சர், லீனா ஸ்பென்சர் என்ற தம்பதி ஒரு காபிக் கடை திறந்தார்கள். கஃபே லீனா என்று பெயர். பாட்டுக் கச்சேரி வைப்பது, கொஞ்சம் காசு சேர்ப்பது, அந்தக் காசோடு ஐரோப்பாவுக்குப் போய்ப் பில் தன் கலையைக் கவனிப்பது. திட்டம் அவ்வளவுதான். காசு சேரவில்லை. சில ஆண்டுகளில் பில் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். லீனா தனியாக நின்றார்.

இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். இசை படித்தவரில்லை, பணக்காரர் வீட்டுப் பெண்ணும் இல்லை. நம் ஊராக இருந்தால், "கடையை மூடிட்டுப் பொறந்த வீட்டுக்கு வாம்மா" என்று சொல்ல நாலு பெரியவர்கள் கிளம்பியிருப்பார்கள். லீனா கடையை மூடவில்லை. மாடிப்படி ஏறி வருகிறவர்களுக்குக் காபி ஊற்றினார். மது கிடையாது. வாடகைக்குத் திண்டாடினார். ஊர் ஊராகச் சுற்றும் பாடகர்களுக்குச் சோறு போட்டார், படுக்க இடம் கொடுத்தார், மேடை கொடுத்தார். 1989இல் அதே படிக்கட்டில் விழுந்து அடிபட்டு இறக்கும் வரை அந்தக் கதவு திறந்தே இருந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டு!

அவர் போன பிறகு என்ன ஆனது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நண்பர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அதை லாபநோக்கில்லாத அமைப்பாக்கினார்கள். தன்னார்வலர்கள் டிக்கெட் கிழித்தார்கள், காபி கொடுத்தார்கள். பிறகு கட்டடத்தையே வாங்கினார்கள், 2016இல் புதுப்பித்தார்கள். இன்றைக்கும் அங்கே பாட்டு நடக்கிறது. இருக்கைகள் நூற்றுச் சொச்சம்தான். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அதைவிடப் பெரிதாகக் கட்டுகிறோம்.

1961இல் அந்த மேடையில் இருபது வயதுப் பையன் ஒருவன் கிதாரோடு ஏறினான். கேட்க வந்தவர்கள் அவனைப் பொருட்படுத்தவே இல்லை; தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பில் ஸ்பென்சர் மேடையேறிக் கூட்டத்தை அதட்டியதாகச் சொல்வார்கள். பையன் பெயர் பாப் டிலன். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே டிலன்தான். அந்த இரவைத் தோல்வி என்று எழுதி வைத்துக்கொண்டு லீனா கதவைச் சாத்தியிருந்தால் நமக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. டிலனின் பெயரைச் சொல்லவில்லை, லீனாவின் பெயரைச் சொல்கிறேன்.

இன்னொன்று. 1958இல் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் 'கிளப் 47' என்ற சின்ன இடத்தில் பதினேழு வயதுப் பாடகி ஜோன் பாயஸ் முதன்முதலில் பாடியபோது எதிரே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் வீட்டு ஆட்கள். அடுத்த ஆண்டு, 1959இல், முதலாவது நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் அவர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் நின்றார். இடையில் அந்தப் பெண் குரலைத் தீட்டியது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அப்படிப்பட்ட சின்னக் கூடங்களில்தான். மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் 1965இல் நாலு தேவாலயங்கள் சேர்ந்து 'தி ஆர்க்' என்ற இடத்தைத் தொடங்கின. அதுவும் இன்றுவரை தன்னார்வலர்களின் தோளில்தான் நிற்கிறது.

"அதெல்லாம் அமெரிக்கா, நமக்கு ஒத்துவருமா?" என்று அடுத்த கணை வரும். வரட்டும். சென்னையில் மார்கழி மாதம் ஊரையே நிறைக்கிற சபாக்களை யார் தொடங்கினார்கள்? 1928இல் மியூசிக் அகாடமியை அரசாங்கமா உண்டாக்கியது? 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்தது அகாடமி. வக்கீல்களும் டாக்டர்களும் ரசிகர்களுமாகச் சேர்ந்து, கைக்காசு போட்டு, பின்மாலை நேரத்தைக் கொடுத்து வளர்த்தார்கள். கர்நாடக இசைக்குக் கூரை கட்டத் தெரிந்த தமிழனுக்கு, கரகத்துக்கும் கூத்துக்கும் பறைக்கும் ஒரு கூரை போடத் தெரியாதா? தெரியும். போட வேண்டும் என்று தோன்றவில்லை. தெருவில் ஆடுவது தெருவிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

விடாதவர்களும் இருந்தார்கள். தமுஎகச என்ற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்துத் தோழர்கள் ஊர் ஊராகக் கலை இரவு நடத்தி, விடிய விடியப் பறையும் பாட்டும் கேட்கவைத்து, கூட்டத்துக்குள் துண்டேந்தி வந்தார்கள். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவிலேயே 2015இல் வேறு சிலர் விழா எடுத்தார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று அரங்கத்துக்குள் கானாவையும் ஒப்பாரியையும் கொண்டுவந்து நிறுத்தியது. ஆகவே முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவை ஆண்டுக்கொருமுறை வரும் பெருவிழாக்கள். நான் உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது, அதைவிடக் கடினமானது. மாதம் ஒரு மாலை. ஒரே இடம். ஒரே கிழமை. ஒரே நேரம்.

எங்கே நடத்துவது என்கிறீர்களா? கண்ணைத் திறந்து ஊரைச் சுற்றுங்கள். வணிகர் சங்கத்து மாடி, ஆசிரியர் சங்கக் கட்டடம், ரோட்டரி ஹால், பள்ளிக்கூடத்தின் கலையரங்கம், நூலகத்துக் கூட்ட அறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாண மண்டபங்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் அவை பூட்டிக் கிடக்கின்றன. அந்த மாதங்களில் மண்டபத்துக்காரரிடம் போய்ப் பாருங்கள். மனுசன் வாடகையில் பாதிக்கு இறங்கி வருவார். மினி ஹாலைச் சும்மாகூடத் தருவார், கரண்டுக் காசு மட்டும் கேட்பார்.

இதிலே ஒரு பொருத்தம் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பிழைப்பு எப்போது? தையில் தொடங்கி, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி வரை கோயில் கொடை, அம்மன் திருவிழா. ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுவார்கள். ஆவணி முடிந்தால் அழைப்பு ஓய்ந்துவிடும். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று மழை கொட்டும் மாதங்களில் திறந்தவெளியில் ஆட முடியாது. கரகம் எடுத்தவர் சித்தாள் வேலைக்குப் போவதும், தவில்காரர் சென்னைக்குக் காவல் வேலைக்கு வண்டியேறுவதும் அப்போதுதான். புரட்டாசியில் உங்கள் மண்டபம் முழுக்கக் காலி; மற்ற மாதங்களில் முகூர்த்தமில்லாத நாளில் காலி. மழைக்கு ஒதுங்கக் கூரை இருக்கிறது. கூரைக்கடியில் நிற்க ஆள் இருக்கிறார். நடுவில் இல்லாதது நீங்கள் ஒருவர்தான்!

இப்போது பணம். இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன்.

தன்னார்வம் என்பது நடத்துகிற உங்களுக்கு. ஆடுகிற கலைஞருக்கு இல்லை. நீங்கள் சம்பளம் வாங்காமல் நாற்காலி தூக்கலாம், போஸ்டர் ஒட்டலாம், தரை கூட்டலாம். அது உங்கள் விருப்பம். உங்கள் வீட்டு அடுப்பு வேறு வருமானத்தில் எரிகிறது. கரகாட்டக்காரர் வீட்டு அடுப்பு அந்தக் கரகத்தில்தான் எரிகிறது. "சேவையாத்தான் பண்றோம், நீங்களும் கொஞ்சம் பாத்து வாங்கிக்குங்க" என்று பேரம் பேசுகிற வாயை மூடிக்கொள்ளுங்கள். "உங்களுக்கு ஒரு மேடை கிடைக்குதுல்ல" என்ற வசனம் அதைவிடக் கேவலம். புரிசை தெருக்கூத்துக்காரர்களிடம் பாடம் கேட்டு, பாரிஸின் தியேட்டர் து சொலேய் குழு 2016இல் தன் நாடகத்துக்குள் கூத்தைச் சேர்த்துக்கொண்டது. அதே புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும், பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவர்களுக்கு நீங்கள் மேடை தரவில்லை. உங்கள் ஊருக்கு அவர்கள் வந்து மரியாதை தருகிறார்கள்.

கணக்கு போடலாம், வாருங்கள். ஒரு பேச்சுக்கு, மாதம் 300 ரூபாய் தருவதாக முப்பது பேரைப் பிடிக்கிறீர்கள். ரெண்டு பிரியாணிக் காசு. 9,000 ஆயிற்று. வாசலில் அறுபது பேர் ஆளுக்கு 100 கொடுத்தால் 6,000. மொத்தம் 15,000. இதில் பத்தாயிரத்துக்குக் குறையாமல் கலைஞர்களுக்கும் அவர்கள் வரும் வேனுக்கும். மிச்சத்தில் மண்டபம், மைக்செட், டீ. அறுபது பேர் வராத மாதம் துண்டேந்துங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டின் டாபிக் நாட்டார் இசை மன்றம் 1956இலிருந்து நடக்கிறது. அந்த மாதிரி மன்றங்களில் இடைவேளையில் குலுக்கல் சீட்டு விற்றுக் காசு சேர்ப்பது வழக்கம். நமக்கு அது வேண்டாம், 2003லேயே லாட்டரிக்குத் தமிழ்நாடு கதவைச் சாத்திவிட்டது. துண்டே நமக்குப் போதும்.

கலைஞரின் பணம் நிகழ்ச்சி தொடங்கும் முன் அவர் கைக்குப் போயாக வேண்டும். முடிந்த பிறகு, கூட்டம் எண்ணிய பிறகு, "இந்த மாசம் வசூல் கம்மி" என்று தலையைச் சொறிந்த பிறகு அல்ல. கூட்டம் வராதது உங்கள் நஷ்டம். ஆடியவர் தலையில் அதைக் கட்டாதீர்கள். அன்றிரவே வரவு செலவை எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், டீக்காசு உட்பட. இந்த மாதிரிக் குழுக்கள் கூட்டமில்லாமல் செத்ததைவிடக் கணக்கில்லாமல் செத்தது அதிகம். ஏழு பேர் சேர்ந்துவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பதிவுக்காகத் தொடக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். லெட்டர்பேடு அடித்தே ஓய்ந்துபோன சங்கங்களை நானும் நீங்களும் பார்த்திருக்கிறோம்.

அடுத்த எதிரி நமக்குள்ளேயே வளர்ந்த வியாதி. சிறப்பு விருந்தினர்! தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, நன்றியுரை. ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஏழரை மணிக்கு விருந்தினர் கார் வந்து நிற்கும். அதுவரை வேஷம் கட்டிய துரியோதனன் பக்கத்து அறையில் வியர்த்துக்கொண்டிருப்பார். குத்துவிளக்கின் அஞ்சு முகத்தையும் அஞ்சு பேர் ஏற்றி முடிக்கும்போது முன்வரிசைக் குழந்தை தூங்கியிருக்கும். ஒரே வெட்டாக வெட்டுங்கள். பேச்சு கிடையாது. பொன்னாடை கிடையாது. விஐபி சோபா கிடையாது. கவுன்சிலர் வந்தால் மகிழ்ச்சி, நாற்காலியில் உட்காரட்டும், நூறு ரூபாய் கொடுத்துவிட்டு. ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு விளக்கை அணையுங்கள், எட்டுப் பேர் இருந்தாலும் சரி. மூன்றாவது மாதம் ஊர் ஐந்தே முக்காலுக்கு வந்து உட்காரும். நேரத்தை ஊர் மதிக்காது என்று புலம்புகிறவர்கள், ஊருக்கு நேரத்தைக் காட்டியவர்கள் இல்லை.

நாற்காலி விஷயத்தில் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். எண்பது நாற்காலி இருந்தால் நாற்பதை மட்டும் போடுங்கள். மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். முப்பது பேர் வந்தாலே கூடம் நிறைந்து தெரியும். நாற்பத்தொன்றாவது ஆள் வந்தால் எடுத்துப்போட்டுக் கொள்ளலாம். எண்பதைப் போட்டுவிட்டு ஐம்பது காலியைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கூடத்தை நிமிர்ந்து பாருங்கள். மேலே மின்விசிறி இருக்கும். ஆடுபவர் தலையில் செம்பு, செம்புக்கு மேல் பூச்சோடனை, அதற்கும் மேல் கிளி. அடுக்குக் கரகம் என்றால் இன்னும் உயரம். தாழ்ந்த கூரையில் சுற்றுகிற விசிறிக்குக் கீழே இதை ஆடச்சொன்னால் விபரீதம்தான். முதல்நாளே போய்க் கம்பு பிடித்து அளந்துவிடுங்கள், மேடை மேல் விசிறியை அணைத்துவிடுங்கள், அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். யாராவது புழுக்கம் தாங்காமல் தட்டிவிடுவார். வில்லுப்பாட்டு என்றால் வில்லின் நீளத்தைப் புலவரிடம் போனிலேயே கேட்டு, மேடை தாங்குமா என்று பாருங்கள். கூத்து என்றால் நல்ல வெளிச்சமும் கண்ணாடியும் உள்ள ஒப்பனை அறை ஒன்றை மத்தியானத்திலிருந்தே ஒதுக்குங்கள். அரிதாரம் பூசி, புஜக்கட்டை கட்டி, கிரீடம் வைத்து முடிக்க மணிக்கணக்காகும். விடிய விடிய நடக்கும் கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு வெட்டுவது உங்கள் வேலை இல்லை, "வாத்தியாரே, எந்தக் கட்டத்த எடுத்தா நல்லா நிக்கும்?" என்று கேளுங்கள், அவர் சொல்வார்.

பறைக்குழு வந்தால் பின்பக்கம் திறந்த இடம் வேண்டும். ஏன் என்று மழை நாளில் தெரியும். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், அடித்தால் சத்தம் மொத்தென்று விழும். வைக்கோலும் பழைய பேப்பரும் கூட்டி நெருப்பு மூட்டி, பறையை அனலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவார்கள். நடுவிரலால் ஒரு சுண்டு. போதாது என்றால் மறுபடி அனல். கிண்ணென்று மறுமொழி வந்த பிறகுதான் ஒரு கையில் அடிக்குச்சியும் மறுகையில் சிம்புக்குச்சியும் ஏறும். வாட்ச்மேன் ஓடிவந்து, "யாருய்யா இங்க தீ வெச்சது?" என்று கத்துவார். முன்கூட்டியே அவரிடம் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து, அவரையும் முன்வரிசையில் உட்காரவைத்து விடுங்கள். அடுத்த மாதத்திலிருந்து கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.

சின்னக் கூடத்தில் பறைக்கும் தவிலுக்கும் மைக் எதற்கு? பாடுகிறவருக்கு ஒன்று, தேவைப்பட்டால் உடுக்கைக்கு ஒன்று. மைக்செட் அண்ணனின் கை சும்மா இருக்காது. "அண்ணே, பாதியா வைங்கண்ணே. எக்கோ வேண்டாம்ணே" என்று கெஞ்சியாவது இறக்குங்கள். இரண்டடி தூரத்தில் இருந்து ஒரு பாட்டி ஒப்பாரி பாடும்போது அவர் மூச்சிழுப்பது கேட்க வேண்டும். லட்சம் பேர் மைதானத்தில் அது கேட்காது. நாற்பது நாற்காலிக் கூடத்தில்தான் கேட்கும். கூட்டம் சின்னது என்று குறைபட்டவர்களே, அந்த மூச்சைக் கேட்டவர்கள் நீங்கள் மட்டும்தான்!

இன்னும் ஒன்று சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. சாவுக்கு மட்டும் பறையைக் கூப்பிட்டு, காசைத் தூரத்திலிருந்து எறிந்து, தனி டம்ளரில் டீ கொடுத்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பறையை மண்டபத்துக்குள் கொண்டுவரும்போது யாராவது முணுமுணுப்பார். "நல்ல காரியம் நடக்குற எடத்துல இத அடிக்கலாமா" என்று மண்டபத்துக்காரரே இழுப்பார். அங்கேதான் உங்கள் தன்னம்பிக்கைக்குப் பரீட்சை. மேடையில் நின்று கைதட்டு வாங்குவதில் இல்லை, அந்த முணுமுணுப்புக்கு முன்னால் பின்வாங்காமல் நிற்பதில். "அடிக்கலாம்ணே, அடிக்கத்தான் போறாங்க. வாடகை இந்தாங்க" என்று சொல்லிப் பழகுங்கள். நிகழ்ச்சிக்குப் பின் கலைஞரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். யாராவது எழுந்து போனால் போகட்டும். அப்படிப்பட்டவருக்காக நீங்கள் இதைத் தொடங்கவில்லை.

உள்ளூர்க் குரல்களையும் விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்து மன்றங்களில் ஒரு நல்ல பழக்கம்: அழைத்து வந்த பாடகருக்கு முன்னால், கேட்க வந்தவர்களிலேயே ரெண்டு மூன்று பேர் எழுந்து ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். உங்கள் தெருவில் நடவுப் பாட்டுத் தெரிந்த பெரியம்மா இருக்கிறார். எட்டாம் வகுப்பில் கும்மி பழகும் பெண் இருக்கிறாள். முதல் கால் மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். கொல்லங்குடி கருப்பாயி வயல் வேலையில் பாடிக்கொண்டிருந்தவர்தான். வானொலி கேட்டது, பிறகு 1985இல் 'ஆண்பாவம்' படம் வழியே ஊரே கேட்டது. உங்கள் தெருப் பெரியம்மாவை யாரும் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தவிர, அவர் பாடினால் அவர் வீட்டில் ஏழு பேர் கேட்க வருவார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்!

சோர்வு வரும். ஐந்தாவது மாதம் மழை, மின்வெட்டு, கரகாட்டக் குழுவின் வேன் பஞ்சர், வந்தது பதினோரு பேர். உங்கள் அண்ணன் போனில் சொல்வார்: "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல." அந்த இரவில் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அடுத்த மாதத் தேதியை அந்தப் பதினோரு பேரிடமும் அறிவித்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். தேதியை மட்டும் மாற்றாதீர்கள். கிரிக்கெட் இறுதிப்போட்டி என்று மாற்றாதீர்கள், உங்கள் மாமன் மகள் கல்யாணம் என்று மாற்றாதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் வேறொருவர் கதவு திறக்கட்டும். அதற்காகவே சாவி ரெண்டு பேரிடம் இருக்க வேண்டும், பணப்பெட்டி மூன்றாவது ஆளிடம், கலைஞர்களை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வரும் வேலை நாலாவது ஆளிடம். எல்லாவற்றையும் தன் தலையில் சுமக்கிற தியாகி ஒரு வருடத்தில் படுத்துவிடுவார், அவரோடு நிகழ்ச்சியும் படுத்துவிடும். நமக்குத் தியாகி வேண்டாம். மாதம் தவறாமல் வருகிற ஐந்து சாதாரண ஆட்கள் போதும்.

தகுதி இல்லையே என்று தயங்குகிறீர்களா? ராகம் தெரியாது, தாளம் தெரியாது, மேடையில் பேச வராது. நல்லது. உங்களை யாரும் பாடச் சொல்லவில்லை. கதவைத் திறக்கத் தெரியுமா? சொன்ன நேரத்துக்கு வரத் தெரியுமா? வாங்கிய காசுக்குக் கணக்கு எழுதத் தெரியுமா? வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத் தெரியுமா? இதைத் தாண்டி லீனா ஸ்பென்சருக்கு என்ன தெரிந்திருந்தது என்கிறீர்கள்?

புரட்டாசி வருவதற்குள் தொடங்கிவிடுங்கள். ரெண்டாம் சனிக்கிழமை, மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்காரரின் நம்பர் உங்கள் போனில் இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் மச்சான் போனில் இருக்கும். இப்போதே கூப்பிடுங்கள். பக்கத்து ஊர் ஆசானிடம் பேசி, அவர் சொல்லும் தொகையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு, இன்றிரவே முன்பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் தூங்கப் போங்கள்.